நின்று போன பாட்டு தோற்றுப் போனதா?



ஒரு காரியம் நின்று போனால் அது தோற்றுப் போயிற்று என்று சொல்லிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கடை மூடப்பட்டால் வியாபாரம் தோற்றது என்கிறோம். நாடக சபை கலைந்தால் சபை தோற்றது என்கிறோம். வாலிபர் நாலு பேர் கூடி இராப்பள்ளி ஒன்று நடத்துகிறார்கள். ஐந்தாறு வருஷத்திற்குப் பின் அவர்களில் ஒருவனுக்கு வெளியூரில் உத்தியோகம் கிடைக்கிறது, மற்றொருவனுக்குக் கலியாணம் ஆகிறது, பள்ளியின் விளக்கு அணைகிறது. உடனே, "இதற்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று திண்ணையில் இருப்போர் கேட்கிறார்கள். அந்த ஐந்தாறு வருஷத்தில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட பிள்ளைகளின் கணக்கை ஒருவரும் எடுப்பதில்லை.

இந்தத் தீர்ப்பு நியாயமானதா? இக்கேள்வியை நான் இப்போது எழுப்பக் காரணம் உண்டு. கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாலை நேரத்தில் யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடிப் பாடிப் பழகும் வாலிபர்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள், "சாமி, இவன் இதிலே என்னத்தைக் காணப் போகிறான்? நாளைக்குச் சோறு போடுமா இது?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் மூடர்கள் அல்லர். மாசக் கடைசியில் மளிகைக் கடைக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தாம். ஆகையால் அவர்களுக்குச் சொல்லும் விடையும் மழுப்பலாக இருக்கலாகாது.

வெறுங் கேள்வியாக வைத்துக்கொண்டு தர்க்கம் செய்வதைவிட, நடந்த ஒரு சரித்திரத்தை எடுத்துக்கொண்டு யோசிப்பது நல்லது. நம் நாட்டிலேயே, வங்காளத்தில், 1975 முதல் 1981 வரை இருந்த ஒரு பாட்டுக் கோஷ்டியின் சரித்திரம் அது.

கொல்கத்தா என்று இன்று வழங்கும் கல்கத்தா மாநகரத்தில், 1975ஆம் ஆண்டில், உறவினரும் நண்பர்களுமான வாலிபர் எழுவர் ஒன்றுகூடினார்கள். தலைவராய் இருந்தவர் கௌதம் சட்டோபாத்யாய். பிரெசிடென்சி கல்லூரியில் படித்தவர். பார்க் வீதியில் ஆங்கிலப் பாட்டு வாசித்த ஆங்கிலோ இந்திய நண்பர்களோடு சேர்ந்து வாசித்தவர். பின்னர் நக்சல்பாரி இயக்கத்தில் இறங்கிச் சிறையும் கண்டு, வங்காளத்தை விட்டு வெளியேறிச் சில காலம் வேறிடத்தில் ஜீவனம் செய்து திரும்பியவர். அவருடைய அரசியலை நான் இங்கே மெச்சவும் வரவில்லை, விசாரிக்கவும் வரவில்லை. சிறையிலிருந்தும் ஊர் விலக்கிலிருந்தும் திரும்பிய ஒரு மனிதன் கையில் எதை எடுத்தான் என்பதே நமக்கு வேண்டியது. அவர் எடுத்தது கித்தார். மற்றவர்களில் ஆபிரகாம் மஜும்தார் மேனாட்டுச் சங்கீதம் முறையாகப் பயின்றவர். வயலினும் பியானோவும் வாசித்தார். தபஸ் தாஸ் என்பவர் பாடவும் கித்தார் வாசிக்கவும் வல்லவர். புல்லாங்குழலுக்கும் சாக்சபோனுக்கும் தாள வாத்தியத்திற்கும் ஆள் இருந்தது.

கோஷ்டிக்குப் பெயர் வைப்பதில் அவர்கள் பட்டபாடு கொஞ்சமன்று. முதலில் ‘சப்தரிஷி’ என்றார்கள்; எழுவர் அல்லவா! பிறகு வில்லாளி என்று பொருள்படும் ‘தீரந்தாஜ்’ என்றார்கள். பிறகு தலைவரின் பி.எஸ்ஸி. பட்டத்தையும் சேர்த்து, பழைய நாடகக் கம்பெனிகளின் பாணியில் ஒரு நீண்ட பெயரையும் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் நிலைத்தது ‘மொஹீனேர் கோராகுலி’ என்பது. ‘மொஹீனின் குதிரைகள்’ என்று தமிழில் சொல்லலாம். ஜீவனானந்த தாஸ் என்ற வங்கக் கவியின் கவிதை ஒன்றில் நிலா வெளிச்சத்தில் மேயும் குதிரைகள் அவை.

அந்தக் கவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஆங்கிலம் கற்பித்த கல்லூரி ஆசிரியர் அவர். வேலை நிலையாக இல்லாமல் சிரமப்பட்டவர். 1954ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கல்கத்தாத் தெருவில் டிராம் வண்டி மோதி, சில நாட்கள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தார். அவர் இறந்த பின்புதான் அவருடைய பெட்டிகளிலிருந்து நாவல்களும் கதைகளும் கையெழுத்துப் பிரதிகளாகக் கட்டுக்கட்டாக வெளிவந்தன. உயிரோடிருந்த நாளில் அவற்றை அச்சுக்குக் கொடுக்காமலே பூட்டி வைத்திருந்தார். வாலிபர் எழுவரும் தங்கள் பெயரை எந்த வீட்டிலிருந்து எடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அந்நாளில் வங்காளிகளின் காது எதற்குப் பழகியிருந்தது? ரவீந்திர சங்கீதத்திற்கு, நஸ்ருலின் பாடல்களுக்கு, சினிமாப் பாட்டுக்கு, காதலும் பிரிவும் பாடும் ‘ஆதுனிக்’ என்ற இலகுவான பாட்டுக்கு. எல்லாம் அருமையானவையே. ஆனால் கல்கத்தாத் தெருவில் அன்றாடம் நடந்து போகும் ஒரு வாலிபனின் பேச்சும் திகைப்பும் அவற்றில் எவ்வளவு இருந்தன? மொஹீனின் குதிரைகள் அதைப் பாட முயன்றார்கள். பிச்சையேந்திப் பாடித் திரியும் பாவுல் பாணர்களின் மெட்டையும் அமெரிக்க ஜாஸ் இசையையும் மேனாட்டு ராக் இசையையும் ஒரே பானையில் போட்டார்கள். நகரத்தைப் பற்றிப் பாடினார்கள். டெலிபோனைப் பற்றிப் பாடினார்கள். இனந்தெரியாத பறக்கும் பொருள் என்று பத்திரிகைகள் எழுதுமே, அதைப் பற்றியும் ஒரு பாட்டு. 1977, 1978, 1979 ஆகிய மூன்று வருஷங்களில் மூன்று சிறு இசைத்தட்டுகள் வெளிவந்தன. மூன்றிலும் சேர்த்துப் பத்துப் பாட்டுக்கள்கூட இல்லை. ரவீந்திர சதனம் போன்ற பெரிய அரங்கிலும் பாடினார்கள். கேட்டவர்களில் ஒரு சிலர் அவர்களை நேசித்தார்கள். பலருக்கு அது விளங்கவில்லை. இது வங்காளிப் பாட்டா, அந்நியப் பாட்டா என்று முகம் சுளித்தார்கள். பின்னால் சினிமாக் கம்பெனியும் இல்லை, பணமும் இல்லை.

1981இல் கோஷ்டி கலைந்தது. பெரிய கதை ஒன்றுமில்லை. ஒவ்வொருவரையும் உத்தியோகமும் குடும்பமும் ஒவ்வொரு திசைக்கு இழுத்தன. ஒருவர் அமெரிக்காவுக்குப் போனார். ஒருவர் பெங்களூரில் குடியேறினார். கௌதம் சினிமா எடுக்கப் போய், 1983இல் ‘நாகமோதி’ என்ற படத்தைச் செய்தார். ஆபிரகாம் சங்கீத ஆசிரியரானார்.

இப்போது திண்ணைக்காரரின் தீர்ப்பைக் கேட்போம். ஆறு வருஷம், மூன்று தட்டு, காசும் இல்லை, பெயரும் இல்லை. தோல்விதானே?

அவசரப்பட வேண்டாம். பழைய கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் செய்த பாகுபாடு ஒன்று இங்கே நமக்கு உதவும். சில செயல்களுக்கு முடிவு அவற்றிற்கு வெளியே இருக்கிறது. வீடு கட்டுதல் அப்படிப்பட்டது. கூரை போடுவதற்கு முன் நிறுத்திவிட்டால் அங்கே இருப்பது வீடன்று, மழையில் நனையும் சுவர். வேறு சில செயல்களுக்கு முடிவு அவற்றிற்குள்ளேயே இருக்கிறது. பார்த்தல் அப்படிப்பட்டது. ஒரு பூவைப் பார்க்கிறவன், பார்க்கும் அந்தக் கணத்திலேயே முழுமையாகப் பார்த்துவிட்டான். நாளைக்கு அவன் கண்ணை மூடினாலும், இன்று பார்த்தது பாதியில் நின்றதாகாது.

பாட்டுப் பாடுதல் இவ்விரண்டில் எந்த வகை? அது பார்த்தலின் வகை என்பது என் துணிபு. தாய் தாலாட்டுகிறாள். பிள்ளை தூங்கிவிட்டது, பாட்டு நின்றது. தாலாட்டு தோற்றது என்று யாராவது சொல்வார்களா? நல்ல சாரீரத்தோடு, நேர்மையாக, தாளம் தப்பாமல் ஒரு பாட்டு பாடப்பட்டுவிட்டால் அது பாடப்பட்டுவிட்டது. பாடிய கோஷ்டி மறுவருஷம் கலைந்ததால், பாடிய பாட்டு அரைப் பாட்டாகிவிடாது.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நான் வழக்கின் ஒரு பக்கத்தை மட்டும் பேசினவனாவேன். செயலின் நோக்கம் ஒன்று, செய்கிறவனின் நோக்கம் மற்றொன்று. பாட்டின் நோக்கம் பாடப்படுவதோடு நிறைவேறிவிட்டது, சரி. பாடினவர்களின் நோக்கமோ அதற்குமேலும் இருந்தது. வங்காளத்தின் பாட்டையே புதிதாக்க வேண்டும், தங்கள் தலைமுறை தன் குரலைக் கேட்க வேண்டும் என்ற ஆசை அவர்கள் பாட்டுக்கள் முழுவதிலும் தெரிகிறது. அந்த ஆசை 1981இல் நிறைவேறியிருந்ததா? இல்லை. அந்த மட்டில் அவர்கள் தோற்றார்கள் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாட்டு தோற்கவில்லை, பாடினவர்களின் ஆசை தோற்றது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் வாலிபர்களில் பலர், ஆசை தோற்றவுடன் பாட்டையும் வெறுக்கிறார்கள். கித்தாரைப் பரண்மேல் போட்டுவிட்டு, இருபது வயதில் தாங்கள் செய்ததற்கு நாற்பது வயதில் வெட்கப்படுகிறார்கள்.

கோஷ்டியை விட்டுச் சம்பளத்திற்குப் போனார்களே, அது துரோகமில்லையா என்று கேட்கும் வாலிபர்களும் உண்டு. கலைக்காக எல்லாவற்றையும் துறந்தவனே கலைஞன் என்று புத்தகங்களில் படித்திருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மனைவி மக்களுக்குச் சோறு போடுவது தருமம் கொடுப்பதுபோன்ற காரியமன்று; அது கடன், நீதியைச் சேர்ந்தது. பட்டினி கிடக்கத் தனக்கு உரிமை உண்டு. பிள்ளையைப் பட்டினி போட உரிமை இல்லை. உத்தியோகத்திற்குப் போனவன் பாட்டுக்குத் துரோகம் செய்யவில்லை. துரோகம் என்று எதையாவது சொல்லவேண்டுமானால், போன பிறகு, அந்தப் பாட்டு வெறும் வாலிபச் சேட்டை என்று பேசுவதைச் சொல்லலாம். ஆபிரகாம் மஜும்தாரைப் பாருங்கள். கோஷ்டி கலைந்த பின்னும் கல்கத்தாவில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் கற்பித்தார். ஜீவனமும் நடந்தது, கையில் வயலினும் இருந்தது. எல்லாருக்கும் அந்தப் பாக்கியம் வாய்ப்பதில்லை என்பதும் மெய்யே.

சரித்திரத்தின் பின்பாதிக்கு வருவோம். வங்காளிகளின் காது மெல்ல மெல்ல மாறியது. 1992இல் சுமன் சட்டோபாத்யாய் என்பவர் கித்தாரோடு தனியாக வந்து, நகரத்து மனிதனின் சாதாரணப் பேச்சையே பாட்டாக்கி வெளியிட்ட ‘தொமாகே சாய்’ என்ற தொகுதியை ஜனங்கள் விரும்பிக் கேட்டார்கள். 1995இல் கௌதம், ‘ஆபார் பொச்சோர் கூரி பொரே’, அதாவது ‘மீண்டும் இருபது வருஷத்திற்குப் பின்’ என்ற ஒலிநாடாவைக் கல்கத்தாப் புத்தகச் சந்தையில் வெளியிட்டார். தலைப்பு அதே ஜீவனானந்தரின் கவிதையிலிருந்து வந்ததுதான். இம்முறை ஜனங்கள் வாங்கினார்கள். தொடர்ந்து வேறு தொகுதிகளும் வந்தன. வங்காளத்தில் ஊருக்கு ஊர் வாலிபர் கோஷ்டிகள் முளைத்தன. பெரியதும் சிறியதுமாக அவற்றில் பல, மொஹீனின் குதிரைகளைத் தங்கள் முன்னோடிகள் என்று சொல்லிக்கொண்டன.

"பார்த்தீர்களா சாமி, கடைசியில் ஜெயித்துவிட்டார்கள்!" என்று நீங்கள் மகிழக்கூடும். நானும் மகிழ்கிறேன். ஆனால் அந்த மகிழ்ச்சியை என் கேள்விக்கு விடையாக ஏற்க மாட்டேன். ஏன்? 1999ஆம் ஆண்டு ஜூன் மாதம் கௌதம் காலமானார். அந்த மரணம் பத்து வருஷம் முந்தி 1989இல் நேர்ந்திருந்தால்? ஒலிநாடா இல்லை, புத்தகச் சந்தை இல்லை, பின்வந்த புகழ் எதுவும் அவருக்குத் தெரிந்திராது. அப்போது 1977இன் தட்டில் இருந்த பாட்டுக்கள் இன்னும் கொஞ்சம் மட்டமாகியிருக்குமா? அதே பாட்டு, அதே குரல், அதே தட்டு. இருபது வருஷம் கழித்து வந்த புகழினால்தான் அவை நல்ல பாட்டுக்கள் என்றால், திண்ணைக்காரரின் தராசையே நாமும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். எடை போடும் நாளை மட்டும் தள்ளிப் போட்டிருக்கிறோம். அதே வருஷங்களில் அதே நகரத்தில் பாடி, கலைந்து, ஒரு 1995ஐக் காணாமலே மறைந்த கோஷ்டிகள் எத்தனை இருந்திருக்கும்! அவர்களில் நன்றாகப் பாடினவர்களுக்கும் நம் விடை பொருந்தவேண்டும். பொருந்தாத விடை வெற்றி பெற்றவனுக்கு மாலை போடத்தான் உதவும்.

அந்த 1995ஆம் ஆண்டு ஒலிநாடாவில் புகழைவிட என்னைக் கவர்ந்தது வேறொன்று. அதிலும் அதற்குப் பின் வந்த தொகுதிகளிலும் பாடினவர்கள் பழைய எழுவர் மட்டும் அல்லர். இளைஞர்கள், வேறு கோஷ்டிக்காரர்கள் பலர் பாடினார்கள். தொகுதியின்மேல் மொஹீனின் குதிரைகள் ‘பாடியது’ என்று போடாமல், மொஹீனின் குதிரைகள் ‘தொகுத்தது’ என்று, பத்திரிகைக்கு ஆசிரியர் பெயர் போடுவதுபோலப் போட்டார்கள். இருபது வருஷம் காத்துக் கிடந்த பெயர் ஒருவழியாக விலை போகத் தொடங்கிய நேரத்தில், அதைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், மற்றவர்களுக்குக் குடையாகப் பிடிப்பது எளிய காரியமா? சபை, சங்கம், பாடகர் குழு எதையாவது ஆரம்பித்த ஆதி அங்கத்தினர்கள் நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். "இது நாங்கள் தொடங்கியது" என்ற வாக்கியத்தின் பாரம் எனக்குத் தெரியும். கலைந்தபோது பெயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சண்டையிடாதவர்களால்தான், திரும்ப வந்தபோதும் அதைத் தாராளமாகக் கொடுக்க முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தொகுதியில் உலகம் சுருங்கிச் சுருங்கிச் சிறிதாகிக்கொண்டே போவதைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. அதன் மெட்டு 2006இல் ‘கேங்ஸ்டர்’ என்ற ஹிந்திப் படத்தில், வங்காள தேசத்துப் பாடகர் ஜேம்ஸின் குரலில், ஹிந்தி வார்த்தைகளோடு தேசமெங்கும் ஒலித்தது. நம் ஊரிலும் அதை முணுமுணுத்தவர்கள் உண்டு. கௌதம் மறைந்து அப்போது ஏழு வருஷமாகியிருந்தது.

பாடுகிறவர்களைப் பற்றியே பேசிவிட்டோம். கேட்கிறவர்களுக்குக் கடமை ஒன்றும் இல்லையா? 1977இல் தட்டை வாங்காத கல்கத்தாக்காரரை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்ல யாருக்கும் கடமையில்லை. பொய்ப் புகழ்ச்சி பாடுகிறவனைக் கெடுக்கவும் செய்யும். ஆனால் விளங்காத ஒன்றைச் சிரித்துத் தள்ளுவதற்கு முன் இரண்டாம் முறை கேட்பது நம்மால் ஆகாத காரியமா? நம் வீட்டுப் பையன் பாடுவதை வாசற்படியில் நின்று ஒரு தரமாவது முழுதும் கேட்டிருக்கிறோமா? அவன் பாட்டு மட்டமாக இருந்தால் மட்டம் என்று சொல்லலாம். ஆனால் கேட்டுவிட்டுச் சொல்லவேண்டும். இன்னொரு கூட்டமும் உண்டு: பிடித்திருந்தும் டிக்கெட்டு வாங்காதவர்கள். பக்கத்து வீட்டுத் தட்டை இரவல் வாங்கிக் கேட்டு, "என்ன அருமை!" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தவர்கள். என் கணக்கில், விளங்காமல் முகம் சுளித்தவர்களைவிட இவர்களுடைய கடன் பெரிது.

பழைய எழுவரில் ஒருவரான தபஸ் தாஸ், வங்காளிகள் பாபிதா என்று அன்போடு அழைத்தவர், பிற்காலத்தில் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பழைய பாட்டுக்களை மேடையில் பாடிவந்தார். 2023இல் நுரையீரல் புற்றுநோயோடு போராடியபோது வைத்தியத்திற்குக் கையில் பணம் போதவில்லை. கல்கத்தாவிலும் எல்லைக்கு அப்பால் வங்காள தேசத்திலும் பாட்டுக்காரர்கள் திரண்டு பொருள் சேர்த்தார்கள். மாநில அரசாங்கமும் சிகிச்சைப் பொறுப்பை ஏற்றது. கொடுத்தவர்களில் பலர் 1981இல் பிறந்திருக்கவும் மாட்டார்கள். அவ்வருஷம் ஜூன் மாதம் 25ஆம் தேதி அவர் இறந்தார்.